மழை பெய்தால் ஆஸ்பத்திரி

எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவது மழை நாளில்தான். வெயில் நாளில் ஒருவர் போனார் என்றால், நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அர்த்தம்.

வெளியாட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு விளங்கும். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் இறங்காமல் பட்டையெல்லாம் பரவி, தண்ணீரோடு மண்ணில் போய்விடும். அதனால் விடியும்போது மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்போம். கங்காணி வானத்தைப் பார்ப்பார், மரத்தைத் தடவிப் பார்ப்பார், "இன்னைக்கு இல்ல, போங்க" என்பார். அன்றைக்கு யாருக்கும் பேர் விழாது. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். எப்படியும் பேர் இல்லாத நாள்தானே, அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம் என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். பல்வலி, பிள்ளையின் இருமல், காலில் ஆறாத புண், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "மழை வரட்டும், காட்டுவோம்."

மழை பெய்தால் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், நடந்து ரோட்டுக்கு வந்து, கலவானப் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே நம்பர்த் துண்டு கொடுக்கும் ஆள் எங்களைக் கண்டதும் சிங்களத்தில் பக்கத்தில் இருப்பவனிடம், "மழையும் வந்தாச்சு, தோட்டமும் வந்தாச்சு" என்பான். எங்கள் பெண்கள் அதற்கும் சிரிப்பார்கள். அவனைக் கோபப்படுத்தினால் துண்டு கிடைக்கப் பிந்தும்.

நான் அப்படிப் போகிறவர்களோடு அடிக்கடி போனேன். எனக்கு நோய் ஒன்றுமில்லை. எனக்குச் சிங்களம் தெரியும், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்பா என்னை டவுனில் ஒரு சிங்கள முதலாளியின் கடையில் விட்டார். ஏழு வருஷம் அங்கே சாமான் கட்டினேன். தமிழில் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிங்களத்தில் அவ்வளவு இல்லை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்பதாலோ என்னவோ, சொற்கள் தானாக வரும். லயத்து வரிசை வீடுகளில் எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். அந்த வாயில்லாதவனைத்தான் ஆஸ்பத்திரிக்கு வாயாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த நாட்களில் தோட்டத்திலும் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அங்கே இருந்தவரை டாக்டர் ஐயா என்று கூப்பிடுவோம், அவர் டாக்டர் இல்லை. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார். நல்ல மனிதர். ஆனால் ஆண். பெண்கள் காய்ச்சலுக்கு அவரிடம் போனார்கள், வேறெதற்கும் போகவில்லை.

என் தம்பியின் பெண்சாதிக்கு வந்தது அந்த வேறெதுவோதான்.

எங்கள் காம்பராவும் தம்பியின் காம்பராவும் ஒரே லயத்தில் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு மேலே கூரை வரைக்கும் அடைப்பு இல்லாததால் இருமினாலும் கேட்கும். இருந்தாலும் அவள் என்னோடு நேராகப் பேசியது பதினைந்து வருஷத்தில் பத்துத் தடவை இருக்குமா தெரியாது. புருஷனின் அண்ணன் முன்னால் தம்பி பெண்சாதி உட்கார மாட்டாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். அது எங்கள் ஆட்களின் வழக்கம். அவள் குடத்தோடு வருவது தெரிந்தால் நான் இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து எழுந்து முற்றத்துக்கு இறங்கிவிடுவேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் மனைவியிடம் சொல்வாள், "அக்கா, மாமாவுக்கிட்ட சொல்லுங்க" என்று. நான் பக்கத்தில்தான் நிற்பேன். மனைவி திரும்பி என்னிடம் அதையே மறுபடி சொல்லுவாள். எங்களுக்கு அது வித்தியாசமாகப் பட்டதே இல்லை.

கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயது ஆன பிறகு அவளுக்கு அந்தக் கோளாறு தொடங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் போவதை நானே கண்டேன். ஒருநாள் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. தம்பியிடம் கேட்டேன்.

"என்னமோ பொம்பளைச் சமாச்சாரமாம் அண்ணே. மழைக்குக் காட்டணும்" என்றான்.

மழை வரவில்லை. மாசி, பங்குனி எல்லாம் காய்ந்தது. இரண்டு மாதம் போனது. பிறகு ஒரு விடியலில் நல்ல மழை. தம்பி பிள்ளைகளோடு வீட்டில் நின்றான். நான், என் மனைவி, அவள் மூன்று பேரும் கிளம்பினோம். அவளிடம் அடையாள அட்டை இல்லை. அப்போது சண்டைக் காலம், ரோட்டில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இறக்கிப் பார்ப்பார்கள். ஆபிஸில் வாங்கிய கடிதத்தை பொலித்தீனில் சுற்றி மனைவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ரோட்டுக்கு இறங்கும் பாதையில் அவள் பின்னால் வந்தாள். மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"டாக்டருக்கிட்ட ஒழுங்கா சொல்லிடுங்க."

"என்னான்னு சொல்ல?"

"இடுப்பு வலி, அடி வயிறு வலி."

"அவ்வளவுதானா?"

மனைவி குடையைச் சரித்துப் பின்னால் பார்த்தாள். "நாள் கணக்கு இல்லாம படுதாம். நின்னு நின்னு வருதாம். துணி மாத்தி முடியலையாம்."

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பெருங்கூட்டம். மூன்று தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது வாசலில் நின்றவன் நோயாளியும் இன்னொருவரும் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றான். மனைவிக்குச் சிங்களம் வராது. நான்தான் போக வேண்டும். மனைவி என் கையைத் தட்டி, "சொல்லிடுங்க" என்றாள்.

டாக்டர் இளம் வயது ஆள். களைத்துப் போயிருந்தார், ஆனால் சத்தம் போடவில்லை. "மொகத லெடே?" என்றார். என்ன நோய் என்று கேட்கிறார். நான் இடுப்பு வலி, அடி வயிற்று வலி என்றேன். எத்தனை நாள் என்றார். இரண்டு மூன்று மாதம் என்றேன். பிள்ளைகள் எத்தனை என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "லே யனவத?" என்றார்.

இரத்தம் போகிறதா என்று கேட்டார். எவ்வளவு சின்னக் கேள்வி. அவள் எனக்கு ஒரு கை தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என் முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள். விரல்களில் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்துக் கிடந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. தம்பி பெண்சாதியின் உடம்பைப் பற்றி, அவளை வைத்துக்கொண்டு, வேற்று ஆணிடம் அந்தச் சொல்லை நான் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுகிறேன். உண்மையில் நினைக்கக்கூட இல்லை, வாய் முந்திக்கொண்டது.

"நெஹெ" என்றேன். இல்லை.

டாக்டர் அதை எழுதினார். வலிக்கு மாத்திரையும் உடம்புக்குப் பலம் தரும் சிவப்பு மாத்திரையும் கொடுத்தார். குறையாவிட்டால் புதன்கிழமையில் பெண்களுக்கான கிளினிக் இருக்கிறது, அன்றைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். நான் சரி என்றேன்.

வெளியே மனைவி கேட்டாள். "எல்லாத்தையும் சொன்னீங்கதானே?"

"சொன்னேன்."

இரண்டும் ஒரே நாளில் நான் சொன்ன பொய்கள். முதலாவது வெட்கத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு ஒரு சமாதானமும் இல்லை.

மாத்திரை தின்னும் மட்டும் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. தம்பி சந்தோஷப்பட்டான். அதற்குப் பிறகு புதன்கிழமைக்கும் மழைக்கும் ஒத்துவரவில்லை. திங்கள் பெய்தது, சனி பெய்தது. ஒரு புதன்கிழமை விடியலில் தூறியது. அவள் சேலை மாற்றிக்கொண்டு நிற்கும்போதே வெயில் அடித்து, பிந்தி வெட்டுவோம் என்று கங்காணி ஆள் அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம்தான் மரத்துக்கு மழைக்காப்பு வந்தது. வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றித் தார் பூசி பொலித்தீனை ஒட்டிவிடுவார்கள். தண்ணீர் வெட்டில் படாமல் வெளியே வழிந்து போகும். மலை முழுக்க மரங்கள் கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. கங்காணி, "ஒங்க பொஞ்சாதிகளுக்குத் துணி வாங்கிக் குடுக்கறதுக்கு முன்னுக்கு, தொரை மரத்துக்கு வாங்கிக் குடுத்துட்டாரு பாருங்கடா" என்றார். எல்லோரும் சிரித்தோம். மழை பெய்தாலும் பேர் உண்டு என்று சந்தோஷமும் பட்டோம். அது எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை. கொட்டுகிற அடைமழை தவிர மற்ற நாளெல்லாம் வேலை நாளாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக நாள் இல்லை.

மாதங்கள் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து பின்பக்கம் போவதும் வருவதும் எனக்குக் கேட்கும். பின்பக்கக் கொடியில் துண்டுத் துணிகள் காயும், அதற்கு மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருப்பாள். நான் அந்தப் பக்கமாகப் போவதை விட்டுவிட்டேன். என் மனைவி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்த டாக்டர் என்னா டாக்டர், அவ்வளவு சொல்லியும் வெறும் வலி மாத்திரையைக் குடுத்திருக்கான்" என்றாள். தண்ணீர் குடித்தேன்.

அப்போது தோட்டத்து ஆட்களையும் பார்க்க வேண்டும் என்று அரசாங்கத்தில் ஒரு மருத்துவிச்சியை, எங்கள் பேச்சில் மிட்வைப் மிஸ்ஸை, போட்டிருந்தார்கள். சிங்களப் பெண். பக்கத்துக் கிராமங்களையும் பார்த்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கும் வருவார். வெள்ளை உடுப்பு, கறுப்புக் குடை, தோளில் ஒரு பை. காலை ஒன்பது, பத்து மணிக்கு வருவார். அந்த நேரத்தில் லயத்தில் ஈக்குஞ்சு இருக்காது. எல்லோரும் மலையில். பூட்டுகளையும் கிழவர்களையும் பார்த்துவிட்டுப் போவார். தப்பித்தவறி ஒரு பெண் இருந்து, "வலி இருக்கா? சுகமா?" என்று அவர் தெரிந்த தமிழில் கேட்டால், "இல்ல மிஸ், சுகந்தான்" என்று பதில் வரும். இஸ்தோப்பில் நின்று கேட்டால் வேறென்ன பதில் வரும். பக்கத்துக் காம்பராவில் ஒரு காது இருக்கும்.

ஒருநாள் நான் பால் வாளிகளோடு ஸ்டோருக்கு இறங்கும்போது அவர் போக்குப் பாலத்துக் கட்டில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இரத்தம் நிற்காமல் வெள்ளை உடுப்பின் ஓரத்தில் பட்டிருந்தது. நான் வாளிகளை இறக்கிவிட்டு மடியில் இருந்த சவர்க்காரத் துண்டைக் கொடுத்தேன். நாங்கள் அதை எப்போதும் வைத்திருப்போம். தடவினால் அட்டை கழன்றுவிடும்.

"உங்கள் தோட்டத்தில் மனிதர்களே இல்லையா அண்ணே?" என்றார் சிங்களத்தில். "எப்போது வந்தாலும் பூட்டைத்தான் பார்க்கிறேன்."

"மிஸ் வருகிற நேரம் சரியில்லை" என்றேன். "பின்னேரம், ஸ்டோரில் பாலை எடை பார்த்து நிறுத்த பிறகு வந்தால் எல்லோரும் இருப்பார்கள்."

"இதை இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லையே."

யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அவர் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குடையை விரித்தார். இனிப் போய்விடுவார் என்று தெரிந்ததும் எனக்கு என்ன வந்ததோ, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் தம்பி பெண்சாதிக்கு இரத்தம் போகிறது, பல மாதமாகப் போகிறது என்று. வழியில் அந்த நேரம் என் ஆட்கள் யாரும் இல்லை. சொல் சுலபமாக வந்தது. அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் வராத அதே சொல்.

"டாக்டரிடம் காட்டினீர்களா?"

"காட்டினோம். அவர் இதைக் கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்."

அவர் குடையை மடக்கினார். "ஏன்?"

"அவள் என் தம்பியின் பெண்சாதி."

மிஸ் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

"நாளைக்கு வெட்டு இருக்கிறது மிஸ்."

நான் அதைச் சொன்னேன். அவ்வளவுக்குப் பிறகும் அதுதான் என் வாயில் வந்தது. அவர் மடக்கிய குடையைப் பையில் செருகினார். பிறகு, "அப்படியென்றால் நான்தான் வர வேண்டும். லயத்தில் வைத்துப் பார்க்க மாட்டேன். கதவு சாத்துகிற ஓர் இடம் வாங்கித் தாருங்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த ஒரு பெண்ணையும் பாருங்கள். பெண்" என்றார். கடைசிச் சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

கதவு சாத்துகிற இடம் என்று தோட்டத்தில் இருந்தது பிள்ளை மடுவம் ஒன்றுதான். தாய்மார் வேலைக்குப் போனால் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். அதைப் பார்த்துக்கொண்ட பெண் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், கிராமத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். இத்தனை வருஷமும் அவளை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவில்லை. அவளுக்கு மடுவத்தை விட்டுவர முடியாது என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். கேட்டபோது, "இதுக்கா மாமா இவ்வளவு யோசிச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்றாள்.

மடுவத்துக்குத் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் கேட்க வேண்டும். மூன்று நாள் ரப்பர் மரங்களிடம் பேசிப் பார்த்தேன். நாலாம் நாள் ஆபிஸ் வாசலில் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை வெளியே வந்து, "என்னாடா, வாயில்லாப் பூச்சி தலைவராயிருச்சா? எந்த யூனியன்?" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவுமில்லை, போகவுமில்லை. தொரை சிங்கள ஆள். அவர் முன்னால் போனதும் சிங்களத்தில் சொன்னேன், மாதத்தில் இரண்டு தடவை, பால் நிறுத்த பிறகு, மிட்வைப் மிஸ்ஸுக்கு மடுவம் வேண்டும் என்று. வேலை நேரத்தில் ஒரு ஆளும் போகக் கூடாது, மேசை நாற்காலி தர முடியாது, மடுவத்தை நீங்களே கழுவிக் கொடுக்க வேண்டும் என்றார். சரி என்றேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து வாய்க்காலில் முகம் கழுவினேன். இரண்டு நிமிஷக் காரியம் என்று தெரிந்திருந்தால் என்ற நினைப்பு அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

முதல் கிளினிக்குக்கு மடுவத்தைக் கழுவி, குறுக்கே கயிறு கட்டி, என் மனைவியின் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டேன். யாரும் வர மாட்டார்கள் என்று பயந்தேன். பால் நிறுத்துவிட்டு, கை கழுவாமல்கூடப் பெண்கள் வந்தார்கள். அன்றைக்கு நல்ல வெயில். வெயில் நாளில் எங்கள் பெண்கள் நோயைச் சொல்லப் போய் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒருத்தி இன்னொருத்தியைத் தள்ளிவிட்டு, "நீ போடி, ஒனக்குத்தான் ஒலகத்து நோவெல்லாம்" என்று பகடி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவள் முறை வந்ததும் நான் எழுந்து தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டேன். பேச்சுச் சத்தம் கேட்காத தூரம். மற்றவர்கள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்திருந்தார்கள். அவள் உள்ளே நெடுநேரம் இருந்தாள். சிரிப்பும் பகடியும் மெதுவாக அடங்கிப் போயின. பிறகு மிஸ் வெளியே வந்து என்னைத் தேடினார். கையில் ஒரு கடிதம்.

"இரத்தினபுரிக்கு. நாளைக்கே. மழை, வெட்டு ஒன்றும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

மறுநாள் போனோம். இந்தத் தடவை மடுவத்துப் பெண் அவளோடு உள்ளே போனாள். நானும் தம்பியும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். பரிசோதித்து, ஒரு கிழமை கழித்து வரச் சொன்னார்கள். பிறகு இன்னொரு கிழமை. அதற்குப் பிறகு கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்கள். கர்ப்பப்பை வாசலில் புற்றுநோய். அங்கே கரண்டு வைப்பது என்று எங்கள் ஆட்கள் சொல்லும் கதிர் வைத்தியம் நடந்தது. ஒரு டாக்டர் அம்மா தம்பியிடம் சொல்லச் சொல்லி என்னிடம் சொன்னார். பரவிவிட்டது, முந்தி வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். நான் முதல் பாதியைத் தம்பியிடம் சொன்னேன். மறுபாதியைச் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பிய ஒருநாள் பஸ்ஸில் இடம் நெருக்கம். தம்பி முன்னால் நின்றான். அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது, பக்கத்தில் நான் உட்கார வேண்டியதாகிவிட்டது. எழுந்து நிற்கப் போனேன். "ஒக்காருங்க மாமா" என்றாள். குரல் மெலிந்து போயிருந்தது. பஸ் இரத்தினபுரியைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு டவுன் டாக்டர் கேட்டது எனக்கும் வெளங்கிச்சு மாமா."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"லேன்னா என்னான்னு நமக்குத் தெரியாதா. இந்த ஊர்ல பொறந்து வளர்ந்துட்டு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க இல்லேன்னு சொல்லிட்டீங்க. பெரியவங்க சொன்னதுக்கு அப்புறம் நான் என்னாத்த சொல்ல."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த மாதிரியே சொன்னாள். என்னை மன்னித்தாள் என்று எடுத்துக்கொள்ளவும் எனக்கு வழி இல்லை. மன்னிக்க வேண்டிய காரியம் என்று அவள் நினைத்த மாதிரியே தெரியவில்லை. தானும் வாய் திறக்கவில்லையே என்பதுதான் அவள் மனதில் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் நிற்கும் இடம் வந்ததும் எழுந்து, அவள் பையைத் தூக்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆடி பிறக்கும் முன்னால் போய்விட்டாள்.

கருமாதி அன்று லயத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். தம்பி எழுந்து நின்று, "அண்ணன் இல்லாட்டி நான் அவளுக்கு ஒண்ணும் பார்த்திருக்க மாட்டேன். தொரைக்கிட்டப் போய் நின்னது யாரு? ஓடி ஓடிப் பார்த்தது யாரு?" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். கூச்ச சுபாவம் என்று நினைத்திருப்பார்கள்.

கிளினிக் நின்றுபோகவில்லை. மாதத்தில் இரண்டு தடவை நடந்தது. பிறகு தோட்டத்தார் ஒரு மேசையும் கொடுத்தார்கள். மிஸ் மாறிப் போய் இன்னொருவர் வந்தார், அவரும் பால் நிறுத்த பிறகுதான் வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகளை அங்கேயே பார்த்தார்கள். எங்கள் லயத்தில் இன்னொருத்திக்கு அதே கோளாறு தொடங்கும்போதே பிடித்து, ஒப்பரேஷன் செய்து, அவள் இன்றைக்கும் மலைக்குப் போகிறாள். அதை நல்ல காரியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். சேலை கட்டுவதும் மடுவத்தைக் கழுவுவதும் என் வேலையாகவே ஆகிவிட்டது. கட்டி முடித்ததும் பீலிக்குப் போய்விடுவேன்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, நாட்டில் சண்டை முடிகிற காலத்தில், மழைக்காப்பு இருந்தும் வெட்ட முடியாத ஓர் அடைமழை விடியலில் தம்பி என் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தான். மனைவி தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பக்கத்துக் காம்பராவுக்கு ஒன்றும் கேட்காது.

"அண்ணே, அன்னைக்கு டவுன் டாக்டர் என்னா கேட்டாரு?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. "ரத்தம் படுதான்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"இல்லேன்னு சொன்னேன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அவ எங்கிட்டச் சொல்லிட்டா, கொழும்புல இருக்கும்போதே. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"அப்ப கருமாதிக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"நாலு பேர் முன்னுக்கு வேற என்னாத்த சொல்ல."

அவன் எழுந்து போகவில்லை. தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை படிந்தது. எட்டு மணி போல மழை விட்டது. மேல் லயத்திலிருந்து கங்காணி கூப்பிடும் சத்தம் கேட்டது, பிந்தி வெட்டாம், வாளியோடு வரட்டாம் என்று. தம்பி தன் காம்பராவுக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான். எனக்காக நிற்கவில்லை. அவன் முன்னால் மலைக்கு ஏறினான், நான் கொஞ்சம் இடம் விட்டுப் பின்னால் ஏறினேன்.